ஆறு மிதி

"கையைக் கூப்பிடுங்கப்பா!"

விளக்குகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் எழுந்தான். அந்த இடத்தில் அவனுக்கு அதுதான் பெயர். கை. மூன்று மாதமாக வந்து போகிறான். டீ கொண்டு வருகிறவர்கூட, "கைக்கு ஒரு டீ, சர்க்கரை தூக்கலா" என்றுதான் சொல்வார்.

காலையிலிருந்து அவனைத் தயார் செய்திருந்தார்கள். முதலில் மண்ணெண்ணெயில் பிரஷ்ஷைத் தோய்த்து, நகக்கண்களில் பதினெட்டு வருஷமாகக் குடியிருந்த கறுப்பைச் சுரண்டி எடுத்தார்கள். முழங்கை வரைக்கும் சவரம். பிறகு மேக்கப் பெண் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, பஞ்சால் தொட்டுத் தொட்டு, ஒரு விரலில் கொஞ்சம், மணிக்கட்டில் கொஞ்சம் என்று புதுக் கிரீஸைத் தடவினாள்.

"ஏம்மா, இருந்த கறுப்பையே விட்டிருக்கலாமே?"

"அது அழுக்குண்ணா. இது கிரீஸ்."

கடைசியாக மோதிரம். அது நிகழ்ச்சியின் முகமாக வரும் ஹீரோவுடையது. மெக்கானிக்கின் விரல் கணு தடித்தது. சோப்புத் தண்ணீர் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். இறக்கும்போது தோல் கொஞ்சம் உரியும்.

நிகழ்ச்சியின் பெயர் 'பத்தே நிமிஷம்'. உங்கள் காரை நீங்களே பழுது பார்க்கலாம், பத்தே நிமிஷத்தில். ஹீரோ சிரித்துக்கொண்டே வருவான், பானெட்டைத் தட்டுவான், "ஒர்க் ஷாப்புக்கு ஏன் போறீங்க? நான் இருக்கேன்ல?" என்பான். ஸ்பேனரைக் கையில் எடுப்பான். அடுத்த ஷாட்டில் அந்த ஸ்பேனர் மெக்கானிக்கின் கையில் இருக்கும். ஹீரோவுக்குக் கிரீஸ் பட்டால் தோல் தடித்துவிடும். கழுத்துக்கு மேலே அவன், மணிக்கட்டுக்குக் கீழே இவன்.

அன்றைக்கு வேலை பிரேக் பேட் மாற்றுவது. முன்சக்கரம் இரண்டு. இடது பக்கம், பேடைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரின் போல்ட் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. மெக்கானிக் எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, நீளக் குழாயை ஸ்பேனரில் செருகி முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினான். நெற்றி வியர்வை உதட்டில் உப்பாக இறங்கியது. கேமரா அணைந்திருந்தது. எல்லாரும் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது பக்கத்து போல்ட்டை முன்கூட்டியே கழற்றி, சுத்தம் செய்து, லேசாக மாட்டி வைத்திருந்தான். ஒளிபரப்பில் வரப்போவது அதுதான். இரண்டு விரலால் சுழற்றினால் கழன்று உள்ளங்கையில் விழும்.

விழுந்தது. "பிரமாதம்!" என்றாள் டைரக்டர்.

பழைய பேடை உருவினான். பேடை அழுத்துகிற பிஸ்டனை உள்ளே தள்ளினான். புதுப் பேடை வைத்தான். காலிப்பரை மாட்டினான். சக்கரம் உட்காருகிற இடத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்தான், அது அவன் பழக்கம். நட்டுகளை எதிர் எதிராக முடுக்கினான். எழுந்து கார் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான்.

"அண்ணே, முடிஞ்சிடுச்சு. எங்க ஏறுறீங்க?"

"முடியல மேடம். பெடலை மிதிக்கணும். பிஸ்டனை உள்ள தள்ளியிருக்கோம்ல, அது திரும்பி வந்து பேடைத் தொடணும். அதுவரைக்கும் பிரேக்கே கிடையாது. ஆறு தடவையாவது மிதிச்சாத்தான் பெடல் இறுகும். அப்புறம்தான் வண்டி நகரணும்."

"சரி, அதையும் எடுத்துடலாம். கேமரா கீழ வாங்க."

மிதித்தான். முதல் மிதியில் பெடல் தரை வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றில் லேசான எதிர்ப்பு. நான்கு. ஐந்து. ஆறாவது மிதியில் கல்லாக நின்றது.

டைரக்டர் மானிட்டரைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"இது யாரு கால்?"

"என் கால்தான்."

திரையில் ஒரு ரப்பர் செருப்பு. வார் அறுந்து கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. ஹீரோ அணிவது பளிச்சென்ற வெள்ளை ஷூ. அதைக் கொண்டு வந்தார்கள். மெக்கானிக்கின் கால் அதற்குள் பாதிகூடப் போகவில்லை. ஹீரோவையே கூப்பிடலாம் என்றால், அவன் ஒரு மணிக்கே வேறொரு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

"விடுங்க. இந்த ஷாட் வேணாம்."

"மேடம், அது ரொம்ப முக்கியம்..."

"நின்ன வண்டியில ஒருத்தர் உட்கார்ந்து மிதி மிதின்னு மிதிக்கிறதை யாருண்ணே பார்ப்பாங்க? ரிமோட்டை எடுத்துடுவாங்க. கீழ ஒரு லைன் எழுத்து ஓட விட்டுடலாம், 'பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் செய்யவும்'னு. போதும்ல?"

அவன் இன்னொரு தடவை வாயைத் திறந்தான். சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது. லைட்காரர்கள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டான். மோதிரத்தைக் கழற்ற சோப்புத் தண்ணீர் கேட்டான்.

---

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அது ஒளிபரப்பானது. பதினொன்றரைக்குத் தங்கை ஃபோன் செய்தாள்.

"அண்ணா, மூஞ்சி அவனோடது, கட்டைவிரல் உன்னோடது. பார்த்ததுமே கண்டுபிடிச்சிட்டேன்."

"ஏய், சத்தமா சொல்லாத. வெளிய சொல்லக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க."

"எனக்கா தெரியாது? அஞ்சு வயசுல கதவிடுக்குல வச்சு நசுக்கினதே நான்தான். மேக்கப் போட்டாலும் நகம் கோணல் கோணல்தான்." சிரித்தாள். அவள் ஒரு பெரிய சலவைக் கம்பெனியில் இஸ்திரி மேசையில் நிற்பவள். ஒன்பது மணி நேரம் நின்றுவிட்டு வந்தும் சிரிக்கத் தெரிந்தவள். "இந்தா, உன் மாப்பிள்ளை பேசணுமாம். பத்து நிமிஷமா என் கையில இருந்து ஃபோனைப் பிடுங்கறார்."

தங்கையின் கணவன் டாக்ஸி ஓட்டுகிறவன். சொந்த வண்டி, பழைய வண்டி. வீட்டில் எல்லாரையும்விட அதற்குத்தான் உடம்பு சரியில்லாமல் போகும்.

"மச்சான், பின்னிட்டீங்க! என்னா வேகம்! இவ்வளவு சுலபமான வேலைக்கா நீங்க என்னை அரை நாள் உட்கார வைப்பீங்க?"

"டிவியில எல்லாம் சுலபம்தான் மாப்ள."

"நம்ம வண்டியும் நாலு நாளா கீச்சு கீச்சுன்னு கத்துது. பேசஞ்சர் எல்லாம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கறாங்க, ஏதோ நான் கத்தற மாதிரி."

"பேட் தேஞ்சிருக்கும். நாளைக்கும் நாளன்னைக்கும் ஷூட்டிங். புதன்கிழமை கொண்டா, பார்த்துடறேன்."

"புதன்கிழமை வெளியூர் சவாரி மச்சான்."

"அப்ப வியாழன்."

"சரி, பார்ப்போம்" என்றான் டாக்ஸிக்காரன்.

அந்த 'பார்ப்போம்' மெக்கானிக்கின் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. ஏனென்றால் அதே நேரம் அவனுடைய ஒர்க் ஷாப் ஷெட் வாசலில் ஒருவர் கார் டிக்கியைத் திறந்து நின்றுகொண்டிருந்தார். டிக்கிக்குள் ஒரு பக்கெட். பக்கெட் நிறைய போல்ட்டும் ஸ்பிரிங்கும்.

"போன வாரம் புரோகிராம் பார்த்துக் கழட்டினேன்" என்றார் அவர். "கழட்டினது கரெக்டாதான் கழட்டினேன். மாட்டும்போது விளம்பரம் போட்டுட்டான்."

மெக்கானிக் பக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டான். "நாளாகும் சார்."

"நாளாகுமா? டிவியில பத்து நிமிஷம்தானேப்பா ஆச்சு? உங்களுக்கெல்லாம் ஆளை உட்கார வைக்கறதுல ஒரு சந்தோஷம்."

ஷெட்டில் மூன்று வண்டி நிற்கிற இடத்தில் இப்போது ஒரு வண்டிதான் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் நிமிஷக் கணக்குச் சொல்கிறார்கள். அந்த நிமிஷங்களைச் செய்து காட்டிய கையைத்தான் அவன் பக்கெட்டுக்குள் விட்டு, முதல் ஸ்பிரிங்கை எடுத்தான்.

---

செவ்வாய்க்கிழமை. ஷூட்டிங்கில் ஃபோனை அணைத்து ஒரு தட்டில் போட்டுவிட வேண்டும். நான்கு மணிக்கு அதைத் திரும்ப வாங்கி உயிர்ப்பித்தபோது பதினோரு மிஸ்டு கால். எல்லாம் டாக்ஸிக்காரனுடையது.

கூப்பிட்டான். மறுமுனையில் மூச்சு மட்டும் வந்தது.

"மாப்ள? என்னாச்சு மாப்ள?"

"மச்சான்... பிரேக் பிடிக்கல மச்சான்."

"எங்க இருக்க? உனக்கு அடி பட்டுடுச்சா?"

"எனக்கு இல்ல" என்றான் டாக்ஸிக்காரன். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. ஃபோனை யாரோ வாங்கி ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார்கள்.

அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே இரும்பு பெஞ்சில் டாக்ஸிக்காரன் உட்கார்ந்திருந்தான். முழங்கால் வரைக்கும் பேண்ட்டில் ரத்தம். கைவிரல் நகங்களில் கிரீஸ். மெக்கானிக் அந்த நகங்களைத்தான் முதலில் பார்த்தான்.

"நீயே மாத்தினியா?"

"உங்க கையைப் பார்த்துத்தான் மச்சான் பண்ணேன். வேற எவன் கையா இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். யாரோ ஒருத்தன்னா பயம் வரும். இது நம்ம வீட்டுக் கை. செல்லுல போட்டு, நிறுத்தி நிறுத்தி, நீங்க என்ன பண்ணீங்களோ அதையே பண்ணேன். ஒண்ணு விடல. துணியால துடைக்கறதுகூட."

அவர்கள் வீட்டுச் சந்து சரிவானது. சரிவின் அடியில் இரும்பு கேட். கேட்டின் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, இரண்டு கையாலும் ஆட்டித்தான் இழுக்க வேண்டும். டாக்ஸி வெளியே கிளம்பும்போதெல்லாம் தங்கைதான் முன்னால் ஓடிப் போய்த் திறப்பாள். அன்றைக்கும் ஓடினாள். வேலைக்குப் போகிற அவசரம், அவளையும் வழியில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. அவன் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தான். வண்டி தானாக உருண்டது.

"வேகமே இல்ல மச்சான். மனுஷன் நடக்கற வேகம்கூட இல்ல. கேட்டுக்கு ஒரு வண்டி தூரம் இருக்கும்போது மிதிச்சேன். தரைக்குப் போயிடுச்சு. மறுபடி மிதிச்சேன். மறுபடி போயிடுச்சு. அவ முதுகைக் காட்டிக்கிட்டு தாழ்ப்பாளை ஆட்டிக்கிட்டு இருந்தா. கத்தினேன். திரும்பினா. சிரிச்சுக்கிட்டே திரும்பினா. நான் ஏதோ விளையாடறேன்னு."

பம்பருக்கும் கேட் தூணுக்கும் நடுவே வலது கால்.

"அப்புறமும் மிதிச்சுக்கிட்டே இருந்தேன். அப்ப பிடிச்சுது மச்சான். அதுக்கப்புறம் பிடிச்சுது."

மெக்கானிக் சுவரில் சாய்ந்தான். எத்தனை தடவை மிதித்தாய் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியது எதுவும் இல்லை.

---

மறுநாள் காலையில் அவன் அந்தச் சந்துக்குப் போனான். வண்டி கேட்டை ஒட்டி அப்படியே நின்றது. போலீசும், வண்டியைச் சோதிக்கிற அதிகாரியும் வந்துவிட்டுப் போயிருந்தார்கள். அதிகாரி ஏறி உட்கார்ந்து ஒரு தடவை பெடலை மிதித்துப் பார்த்தாராம். 'பிரேக் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக்கொண்டு இறங்கினாராம். டாக்ஸிக்காரனின் லைசென்ஸை வாங்கிப் போய்விட்டார்கள்.

மெக்கானிக் கதவைத் திறந்து காலை வைத்தான். பெடல் கல் மாதிரி இருந்தது.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினான். ஒரு தப்பாவது இருக்க வேண்டும் என்று தேடினான். பேட் சரியான பக்கம் உட்கார்ந்திருந்தது. போல்ட் அளவாக முடுக்கப்பட்டிருந்தது. சக்கரம் உட்காருகிற இடம் துணியால் துடைத்துப் பளிச்சென்று இருந்தது, அவன் துடைக்கிற மாதிரியே, ஒரே சுற்றில். நட்டுகள் எதிர் எதிராக ஏறியிருந்தன. அவனே செய்திருந்தாலும் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது. டிவியில் காட்டிய அத்தனையும் அந்த வண்டியில் இருந்தது. காட்டாதது மட்டும் இல்லை.

தூணின் அடியில் யாரோ மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில் அவளுடைய செருப்பு ஒன்று கிடந்தது. எடுத்துப் பையில் போட்டான். பிறகு, எந்தக் காலுக்கானது என்று பார்த்தான்.

வியாழக்கிழமை மதியம் டாக்டர் வெளியே வந்து, கணுக்காலுக்கு நாலு விரல்கடை மேலே எடுத்தாகிவிட்டது என்றார். முழங்காலைக் காப்பாற்றிவிட்டோம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நல்ல செய்தி சொல்கிற களை இருந்தது.

சலவைக் கம்பெனியிலிருந்து மேஸ்திரி பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். "உடம்பைப் பார்த்துக்கம்மா, வேலையைப் பத்தி இப்ப நினைக்காத" என்றார். போகும்போது மெக்கானிக்கைத் தனியாக அழைத்து, "உட்கார்ந்து செய்யற வேலை எங்ககிட்ட இல்லையே தம்பி" என்றார்.

---

வெள்ளிக்கிழமை அவன் டைரக்டர் முன்னால் நின்றான். கண்ணாடி அறை. அவளோடு கறுப்புக் கோட் போட்ட ஒருவரும் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னான். டைரக்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். நிஜமாகவே கண் கலங்கினாள்.

"ஐயோ அண்ணே. உங்க சொந்தத் தங்கச்சியா?"

"ஆமா மேடம். ஞாயித்துக்கிழமை அதே புரோகிராமைத் திரும்பப் போடறீங்க. அந்த மிதிக்கிற ஷாட்டைச் சேர்த்துடுங்க. அதுக்குத்தான் வந்தேன். வேற எதுவும் கேட்க வரல."

"எடிட்டிங் எல்லாம் முடிஞ்சு..."

"எத்தனை பேர் பார்க்கறாங்கன்னு நீங்கதான் மேடம் சொல்வீங்க. லட்சக் கணக்குல சொல்வீங்க. அதுல நூறு பேர் பேடை மாத்தினாக்கூட..." ஆறு விரலை நீட்டிக் காட்டினான். "ஆறு மிதி மேடம். ஆறே ஆறு. பதினஞ்சு செகண்ட்."

கோட்டுக்காரர் முதல்முறையாகப் பேசினார். "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் நம்ம நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் செஞ்சார்னு போலீஸ்ல சொல்லியிருக்காரா?"

"அவன் எதுவுமே பேசலைங்க. பேசற நிலைமையில இல்ல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோட்டுக்காரர் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். பத்து நிமிஷத்தில் ஒரு தாளோடு திரும்பினார். இந்த விஷயத்தில் மட்டும் நிஜமாகவே பத்தே நிமிஷம்தான் ஆனது.

"ஷாட்டைச் சேர்த்துடலாம். நாளைக்கே எடுப்போம். உங்க அளவுக்கே வெள்ளை ஷூ வாங்கச் சொல்றேன். நீங்க இதுல மட்டும் ஒரு கையெழுத்து."

மெக்கானிக் படித்தான். மெல்லப் படிக்கிறவன். வாகனத்தைத் தானே பரிசோதித்ததாகவும், பிரேக்கில் எந்தக் குறையும் இல்லை என்றும், விபத்துக்கு ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம் என்றும், பதினெட்டு வருட அனுபவமுள்ள மெக்கானிக் என்ற முறையில் சொல்வதாக அதில் இருந்தது.

"இது... மாப்பிள்ளை தலையில போடற மாதிரி இருக்கே."

"இதுல பொய் எதாவது இருக்கா? பிரேக் நல்லாதானே இருந்துச்சு? நீங்களே பார்த்தேன்னு சொன்னீங்களே?"

"நல்லாதான் இருந்துச்சு. ஆனா..."

"நீங்க யோசிங்க. அவசரமே இல்ல." கோட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை அது பாட்டுக்குப் பழையபடியே ஓடட்டும்."

வெளியே யாரோ டிரில்லை ஓட்டிச் சோதித்தார்கள். கண்ணாடி அதிர்ந்தது. மெக்கானிக் தன் கட்டைவிரலைப் பார்த்தான். கோணல் நகம்.

"ஆறும் வரணும்" என்றான்.

"வரும்ணே. என்னை நம்புங்க" என்றாள் டைரக்டர்.

பேனாவை வாங்கினான்.

சனிக்கிழமை எடுத்தார்கள். புது ஷூ, அளவாக இருந்தது. அப்படி ஒரு ஷூவில் அவன் கால் அதுவரை நுழைந்ததில்லை. பெடலுக்கு நீல விளக்குப் போட்டு, கேமராவைத் தரையில் படுக்க வைத்தார்கள். அவன் மிதித்தான். ஒவ்வொரு மிதிக்கும் நிதானமாக நிறுத்தி, பார்க்கிறவனுக்கு எண்ணத் தெரியும்படி மிதித்தான். ஆறாவதில் பெடல் நின்றது. காலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தான்.

"சூப்பர் ஷாட்!" என்றாள் டைரக்டர். "ஷூவைக் கழட்டி அங்க வச்சிடுங்கண்ணே. அடுத்த தடவைக்கு வேணும்."

---

ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கே மெக்கானிக் வார்டுக்கு வந்துவிட்டான். எட்டுக் கட்டில். எதிர்ச் சுவரில், எட்டாத உயரத்தில் ஒரு டிவி. நர்ஸிடம் கெஞ்சி ரிமோட்டை வாங்கிச் சேனலை மாற்றினான்.

தங்கை இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தாள். ஐந்து நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. போர்வை இடது பக்கம் கால் முடிகிற வரை மேடாகப் போயிற்று. வலது பக்கம் அதற்கு முன்பே படுத்துவிட்டது. கட்டிலுக்குக் கீழே தரையில் டாக்ஸிக்காரன் உட்கார்ந்திருந்தான். அவன் நாற்காலியில் உட்காருவதை நிறுத்திவிட்டான்.

"எதுக்கு இப்ப அந்தக் கர்மத்தை?" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு பாரு. இந்தத் தடவை சரியா வரும். சேர்க்க வச்சுட்டேன்."

"மச்சான் போய் சண்டை போட்டுச் சேர்த்திருக்கார்" என்றான் டாக்ஸிக்காரன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அது. "வேற யாரு நமக்காகப் போயிருப்பாங்க?"

மெக்கானிக் டிவி சத்தத்தை ஏற்றினான்.

பாட்டு. ஹீரோ சிரித்தான். பானெட்டைத் தட்டினான். ஒர்க் ஷாப்புக்கு ஏன் போகிறீர்கள் என்று கேட்டான். போல்ட் இரண்டு விரலில் சுழன்று உள்ளங்கையில் விழுந்தது. பக்கத்துக் கட்டிலில் கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். வார்டு முழுக்கப் பார்த்தது. பேட். பிஸ்டன். காலிப்பர். துணியால் ஒரு சுற்று. நட்டு, எதிர் எதிராக.

"இப்ப" என்றான் மெக்கானிக்.

நீல வெளிச்சத்தில் வெள்ளை ஷூ வந்தது. பெடலின் மேல் உட்கார்ந்தது. மிதித்தது. டம் என்று ஒரு தாளம் விழுந்தது. ஒரு மிதி. அடுத்த நொடி கார் பாய்ந்து சாலையில் பறந்தது. ஹீரோ ஜன்னல் வழியாகக் கட்டைவிரலை உயர்த்தினான். நேரான நகம். திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி, யாரும் படித்து முடிப்பதற்குள் ஓடி மறைந்தது.

மெக்கானிக் ரிமோட்டை ஏந்தியபடி நின்றான்.

"அட, கடைசியா ஒரு மிதி மிதிச்சா போதும் போல!" என்றார் பக்கத்துக் கட்டில் பெரியவர். "எம் பையன் இதுக்குப் போய் ஒர்க் ஷாப்காரனுக்குத் தண்டம் அழுதுக்கிட்டு இருக்கான்." மாவுக்கட்டு இல்லாத கையால் தலையணைக்கு அடியில் ஃபோனைத் துழாவினார்.

தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இப்போது அங்கே பற்பசை விளம்பரம்.

"அது உன் காலாண்ணா?"

"ஆமா."

"ஷூ நல்லாயிருக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கீழே, கம்பி முறுக்கிய ரப்பர் செருப்பு. அதற்குப் பக்கத்தில் டாக்ஸிக்காரனின் வெறுங்கால். அது தரையை மிதித்துக்கொண்டிருந்தது. இரண்டு. மூன்று. நான்கு. டாக்ஸிக்காரன் காலைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. ஐந்து. ஆறு.

"டேய், நம்ம வண்டிக்கு பிரேக் மாத்தணும்னியே, எங்கேயும் கொடுத்துடாத" என்று பெரியவர் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கால் ஆறோடு நிற்கவில்லை.